எம்83 உங்கள் கூரைக்கு நேர் மேலே: சாட்ஸ்வொர்த் முற்றத்திலிருந்து கேலக்ஸிகளைத் திரையில் நேரலையாகப் பார்ப்பது

கேள்வி சுருக்கமாக இது: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு. 8 அங்குல எஃப்/6 டாப்சோனியன் தொலைநோக்கி (எளிய மேடையில் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி; எஃப்/6 என்றால் குவிய நீளம் விட்டத்தைப்போல ஆறு மடங்கு) இருக்கிறது. நிலா, சனி, ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து எல்லாம் அருமையாகத் தெரிகின்றன. கேலக்ஸி என்று தேடிப் போனால் ஒரு மங்கல் கறை, பல இரவுகளில் அதுவும் இல்லை. அப்பாவுக்கு முதுகு வளைத்து ஐபீஸில் பார்க்க முடியவில்லை. கேமராவை மாட்டித் திரையில் அப்போதைக்கப்போதே பார்க்கும் முறை இந்தத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பலிக்குமா? பலிக்கும் என்றால் எதை வாங்குவது, எப்படிச் செய்வது?

பலிக்கும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே எம்83 என்ற கேலக்ஸியின் சுருள் கரங்களைப் பார்க்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போவது வானப் புகைப்படக் கலை அல்ல. அங்கே ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று இரவு செலவிட்டு, பிறகு வாரக்கணக்கில் மெருகேற்றுவார்கள். இங்கே குறிக்கோள் ஒன்றுதான்: தொலைநோக்கியைத் திருப்பிய ஒரு நிமிடத்துக்குள் பொருள் திரையில் தலைகாட்ட வேண்டும், ஐந்து நிமிடத்தில் அதன் உருவம் தெளிய வேண்டும். கேமரா, குழாய், மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்பு), எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்கு ஒளி சேர்க்கும் நேரம்) என எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த அளவுகோலை வைத்தே பாருங்கள். இதை மறந்தவர்கள்தான் பெரிய கேமராவும் நீளமான குழாயும் வாங்கி, ஃபோகஸோடும் நட்சத்திரத்தைப் பின்தொடரும் வழிநடத்தியோடும் மல்லுக்கட்டி, ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கு எப்படித் தெரிகிறது என்பதைத் தோராயமான எண்களில் பார்த்தால் மற்ற முடிவுகள் எளிதாகும். 150 மி.மீ. எஃப்/5 கண்ணாடித் தொலைநோக்கி, 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள கலர் கேமரா, நகர வானம். 8 விநாடி எக்ஸ்போஷர் ஒன்றில் ஒவ்வொரு பிக்சலிலும் வானத்தின் ஒளியால் மட்டும் 25 எலெக்ட்ரான் அளவுக்குச் சேரும். எம்83-இன் உட்கரம் அதன் மேல் இன்னும் 1.2 எலெக்ட்ரான்தான் சேர்க்கும். 25-இன் வர்க்கமூலம் 5. அதாவது வானத்தின் அலைவு (தற்செயலான ஏற்ற இறக்கம்) மட்டுமே 5, நமக்கு வேண்டிய சமிக்ஞை 1.2. ஒற்றை ஃபிரேமில், அதாவது ஒரு தனிப் படத்தில், ஒன்றும் தெரியாததற்கு இதுவே காரணம். அதே போல 25 ஃபிரேம்களை நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தி ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டினால் வானம் 625, அதன் அலைவு 25, கரம் 30. இப்போது கரம் அலைவைத் தாண்டிவிட்டது. திரையில் நம் கண் நாலுக்கு நாலு பிக்சலைச் சேர்த்தே பார்ப்பதால் இந்த விகிதம் இன்னும் நான்கு மடங்கு கூடி, கரம் பளிச்சென்று நிற்கும். ஆன நேரம் மூன்று நிமிடம் இருபது விநாடி. இந்தக் கூட்டல் உங்கள் கண்ணெதிரே, ஒவ்வொரு ஃபிரேமாக நடப்பதைத்தான் லைவ் ஸ்டாக்கிங் என்கிறோம்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஃபிரேம்கள் நான்கு மடங்கானால்தான் தெளிவு இரண்டு மடங்காகும். ஒரு நிமிடத்திலிருந்து நான்கு நிமிடம் போகும்போது திரை வியக்க வைக்கும். நான்கிலிருந்து பதினாறு போகும்போது அதே அளவு முன்னேற்றம்தான். அதற்கு மேல் காத்திருப்பதைவிட அடுத்த பொருளுக்குப் போவது மேல்.

கையில் இருக்கும் டாப்சோனியனைப் பற்றி. அப்படியே கேமராவை மாட்டினால் வேலைக்கு ஆகாது. குவிய நீளம் 1200 மி.மீ., 2.9 மைக்ரான் பிக்சல் என்றால் ஒரு பிக்சல் வானத்தில் அரை வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). எம்83 விநாடிக்கு 13 வில்நொடி நகரும், அதாவது ஒரு விநாடிக்குள் 26 பிக்சல். நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். ஆனால் குழாயைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் அடியில் ஒரு பூமத்தியரேகைத் தளம், அதாவது ஈக்வடோரியல் பிளாட்ஃபார்ம், வைக்கலாம். துருவ அச்சைச் சுற்றி மெல்லச் சாயும் மேடை அது. மணிக்கு 15 டிகிரி. ஒரு மணி நேரம் ஓடியதும் பழைய நிலைக்குத் திருப்பி வைத்து மறுபடி ஓடவிட வேண்டும். மரவேலை தெரிந்தவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இரண்டு விஷயத்தில் கவனம். 30 டிகிரி அட்சத்துக்கென்று வெட்டிய தளமாக இருக்க வேண்டும். வட அரைக்கோளத்துக்காகச் செய்ததென்றால் மோட்டார் நமக்கு எதிர்த்திசையில் ஓடும், அதைத் திருப்பிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இதில் 4 முதல் 8 விநாடி எக்ஸ்போஷர் தாராளமாகக் கிடைக்கும். மென்பொருளில் 2×2 பின்னிங் போட்டால், அதாவது நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்தால், பிக்சலுக்கு ஒரு வில்நொடி, அதுவே போதும்.

டாப்சோனியனில் இன்னொரு சிக்கல் ஃபோகஸ் எட்டாமல் போவது. டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சார் 44 முதல் 46 மி.மீ. உள்ளே இருக்கிறது, அடாப்டரோடு சேர்த்தால் 55. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் பல குழாய்களில் அது எட்டாது. வானியல் கேமராக்களில் சென்சார் முன்விளிம்பிலிருந்து 17.5 மி.மீ.யிலோ அதற்கும் குறைவாகவோ இருப்பதால் பெரும்பாலும் எட்டிவிடும். குவிய நீளத்தைப் பாதியாக்கும் 0.5 மடங்கு குறைப்பான் லென்ஸ் மாட்டி வேகத்தைக் கூட்டலாம் என்று தோன்றும். அது ஃபோகஸை இன்னும் உள்ளே இழுக்கும், சென்சாருக்கும் அதற்கும் இடையே 50 மி.மீ. அளவு இடைவெளியும் வேண்டும். கண்ணாடித் தொலைநோக்கியில் இந்தக் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். வாங்காதீர்கள்.

புதிதாக வாங்குவதென்றால் காசை முதலில் மவுண்டில் போடுங்கள், பிறகு குழாய், கடைசியில் கேமரா. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மேல்-கீழ், இட-வலம் மட்டும் நகரும் ஆல்ட்-அஸிமத் கோ-டூ (பொருளைத் தானே தேடிப் போகும்) மவுண்ட் இந்த வேலைக்குப் போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் படம் சுழலும், உண்மைதான். டர்பன் அட்சத்தில் தெற்கே 45 டிகிரி உயரத்தில் உள்ள பொருளுக்கு மணிக்கு 18 டிகிரி வேகம். ஆனால் 10 விநாடி ஃபிரேமில் அது சென்சாரின் மூலையில் 2 பிக்சல் நகர்வுதான். ஃபிரேம்களுக்கிடையே உள்ள சுழற்சியை மென்பொருள் திருத்திவிடும்.

இங்கேதான் உங்கள் ஊருக்கென்றே வாய்த்த ஓர் அதிர்ஷ்டம் வருகிறது. டர்பனின் அட்சம் தெற்கு 29 டிகிரி 51 வில்நிமிடம். எம்83 இருப்பதும் தெற்கு 29 டிகிரி 52 வில்நிமிடத்தில். வானத்தின் மிக அழகான சுருள் கேலக்ஸிகளில் ஒன்று தினமும் உங்கள் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே கடந்து போகிறது. வடகிழக்கே நகர மையத்தின் வெளிச்சம், தென்கிழக்கே தொழிற்சாலைகளின் வெளிச்சம் என்று சுற்றிலும் கெட்டுக் கிடக்கும் வானத்தில், மிச்சமிருக்கும் நல்ல பகுதி உச்சிதான். அந்த உச்சியிலேயே எம்83. மே கடைசி வாரத்தில் இரவு 9 மணிக்கு அது அங்கே நிற்கும், ஜூன் நடுவில் 8 மணிக்கே.

ஆனால் நேர் உச்சி ஆல்ட்-அஸிமத் மவுண்டுக்கு ஆகாத இடம். அங்கே இட-வல அச்சு வெறி பிடித்தாற்போலச் சுழல வேண்டியிருக்கும், எந்த மோட்டாரும் ஈடுகொடுக்காது. ஆகவே எம்83 உச்சியைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிடியுங்கள். அப்போது அது 77 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய நேர் கிழக்கே இருக்கும். கிழக்கிலும் மேற்கிலும் படச் சுழற்சி மிகக் குறைவு என்பதால் அந்த நேரத்தில் மணிக்கு 4 டிகிரிக்கும் குறைவாகவே சுழலும். உச்சிக்கு இருபுறமும் முக்கால் மணி நேரத்தை விட்டுவிட்டு, பிறகு மேற்கே இறங்கும்போது மறுபடி பார்க்கலாம். துருவ அச்சைச் சுற்றித் திரும்பும் பூமத்தியரேகை மவுண்டில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேறு தொல்லை: துருவ அச்சைச் சீரமைக்க வேண்டும்.

வடக்கே உள்ளவர்களுக்குத் துருவ நட்சத்திரம் இருக்கிறது. நமக்கு இருப்பது சிக்மா ஆக்டாண்டிஸ், 5.4 பிரகாச அளவு (எண் கூடக் கூட மங்கல்), துருவத்திலிருந்து ஒரு டிகிரி தள்ளி. சாட்ஸ்வொர்த் வானில் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் அச்சின் உயரத்தை 30 டிகிரிக்கு வைத்து, காந்த ஊசியைப் பார்த்துத் தோராயமாகத் திருப்புங்கள். இங்கே காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து மேற்கே 25 டிகிரி அளவு விலகி நிற்கிறது. ஊசியின் தென்முனை காட்டும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு, அங்கிருந்து வலப்புறம் 25 டிகிரி திரும்பினால் உண்மையான தெற்கு. போன் செயலியில் 'உண்மை வடக்கு' என்ற தெரிவு இருந்தால் அதுவே இந்தக் கழித்தலைச் செய்துவிடும், ஆனால் இரும்பு முக்காலிக்கு அருகில் போனை நம்பாதீர்கள். அதன் பிறகு ஷார்ப்கேப் மென்பொருளின் துருவச் சீரமைப்பு, கேமரா எடுக்கும் படத்தை வைத்தே எவ்வளவு தள்ள வேண்டும் என்று காட்டும். அதற்குத் துருவத்தைச் சுற்றி 5 டிகிரிக்குள் வானம் தெரிய வேண்டும். தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர் மறைத்தால், நினா மென்பொருளில் உள்ள மூன்று புள்ளி முறை வானத்தின் வேறு பகுதியை வைத்தே வேலையை முடிக்கும். ஒருமுறை சரியாக வந்ததும் முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைச் சிமெண்ட் தரையில் பெயின்டால் குறித்துவையுங்கள். மறுநாள் ஐந்து நிமிட வேலை.

குழாய்க்கு என் பரிந்துரை 130 முதல் 150 மி.மீ., எஃப்/5 நியூட்டோனியன், அதாவது கண்ணாடித் தொலைநோக்கி. இரண்டாவது தெரிவு, 72 அல்லது 80 மி.மீ. இ.டி. (நிறப்பிரிகை குறைந்த) லென்ஸ் தொலைநோக்கி, குறைப்பானோடு. எந்தக் குழாயும் கேமராவும் சேருமா என்று பார்க்க ஒரு கணக்கு: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவிய நீளத்தின் மி.மீ.யால் வகுத்தால் பிக்சலுக்கு எத்தனை வில்நொடி என்று வரும். 1 முதல் 2.5 வரை வந்தால் நல்லது. 150 மி.மீ. எஃப்/5-இன் குவிய நீளம் 750; 2.9 மைக்ரான் பிக்சலுக்கு 0.8, பின்னிங் போட்டால் 1.6. சோனி ஐஎம்எக்ஸ்585 சென்சார் உள்ள கேமராவை அதில் மாட்டினால் பார்வைப்புலம் 51 வில்நிமிடம் அகலம், 29 உயரம். எம்83 13 வில்நிமிடம், என்ஜிசி 253 என்ற கேலக்ஸி 27 வில்நிமிடம் நீளம், எல்லாம் அடங்கும்.

கேமராவில் ஐஎம்எக்ஸ்585-ஐயே சொல்வேன். 3840×2160 பிக்சல், ரீட் நாய்ஸ் (சென்சாரைப் படிக்கும்போது சேரும் பிழை) அதிக கெய்னில் (சமிக்ஞைப் பெருக்கத்தில்) ஒரு எலெக்ட்ரான் அளவுதான், மூலையில் ஒளிக் கசிவு இல்லை. பாதுகாப்புக் கேமராக்களுக்காக உருவான குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் குறைந்த ஒளியும் அகச்சிவப்பும் இதற்குப் பழக்கம். ஐஎம்எக்ஸ்533 இன்னும் பெரிய சென்சார், 11.3 மி.மீ. சதுரம், ஆனால் விலை கூடும். ஐஎம்எக்ஸ்462 மலிவு, சென்சார் 5.6 மி.மீ. அகலம்தான் என்பதால் பார்வைப்புலம் பாதியாகிவிடும், பொருளைத் தேடிப் பிடிப்பதே பாடாகும். குளிரூட்டும் வசதி உள்ள கேமரா இந்த வேலைக்குக் கட்டாயமில்லை. ரீட் நாய்ஸ் இவ்வளவு குறைவாக இருப்பதுதான் இந்த முறையையே சாத்தியமாக்கியது. பழைய சிசிடி வகை சென்சாரில் 8 அல்லது 10 எலெக்ட்ரான் ரீட் நாய்ஸ் என்பதால் ஒவ்வொரு ஃபிரேமும் நிமிடக்கணக்கில் ஓட வேண்டியிருந்தது. இப்போது வானத்தின் அலைவு ரீட் நாய்ஸை முழுங்கும் அளவுக்கு எக்ஸ்போஷர் இருந்தால் போதும். நகரத்தில் 5 முதல் 8 விநாடி. ட்ராக்கன்ஸ்பர்க் பக்கம் அண்டர்பெர்க் போல இருண்ட இடத்துக்கு எடுத்துப் போனால் வானம் இருபது மடங்குக்கு மேல் இருண்டுவிடும், 8 விநாடியில் பிக்சலுக்கு ஒரு எலெக்ட்ரான்தான் சேரும். அங்கே 20 அல்லது 30 விநாடிக்குப் போங்கள்.

இதெல்லாம் அப்பாவுக்காக மட்டுமே என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், ஸீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்றே போதும். 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவிய நீளம், உள்ளேயே கேமரா, மவுண்ட், மின்கலம். போனில் பெயரைத் தொட்டால் தானே தேடி, தானே கூட்டிக் காட்டும். நெபுலாக்களும் கோளக் கொத்துகளும் நன்றாக வரும். எம்83 சிறியதாகத் தெரியும், கரங்களின் கணுக்கள் பிரியாது. அதற்கு 150 மி.மீ. கண்ணாடி வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் 15% வாட் உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இனி இரவு வேலை. பகலிலேயே தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தையோ மின்கம்பத்தையோ பார்த்து ஃபோகஸ் செய்து, ஃபோகஸர் குழாய் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இரவில் கேமரா முற்றிலும் ஃபோகஸ் விலகி இருந்தால் திரை வெறும் சாம்பல் நிறமாக இருக்கும். நட்சத்திரமே இல்லை, மேகமா, மூடியா, கேமரா கெட்டுவிட்டதா என்று அரை மணி நேரம் போகும். அந்தப் பென்சில் கோடு அதைத் தடுக்கும். பிறகு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் பஹ்தினோவ் மறைப்பு என்ற, கோடுகோடாக வெட்டிய தகட்டைக் குழாயின் வாயில் வைத்து, நடுக்கோடு இரு குறுக்குக் கோடுகளின் மையத்தில் வரும்வரை திருகுங்கள். மறைப்பை எடுக்க மறக்காதீர்கள். எஃப்/5-இல் கூர்மை நிற்கும் இடைவெளி மொத்தம் 0.07 மி.மீ. அளவுதான். 750 மி.மீ. அலுமினியக் குழாய் 5 டிகிரி குளிர்ந்தாலே 0.09 மி.மீ. சுருங்கும். ஆக, வைத்த ஃபோகஸ் குளிர்கால இரவில் ஒன்றரை மணி நேரத்தில் தானே கெட்டுவிடும். மறுபடி பாருங்கள்.

அடுத்து டார்க் ஃபிரேம், அதாவது சென்சாரின் குறைகளை மட்டும் பதிவு செய்து பிறகு கழிக்க உதவும் இருட்டுப் படம். வானத்துக்கு என்ன எக்ஸ்போஷர், என்ன கெய்ன் வைக்கப் போகிறீர்களோ அதே அளவில், மூடிய கேமராவில் 16 ஃபிரேம். நியூட்டோனியனின் வாயை மட்டும் மூடினால் பின்புறக் கண்ணாடியைச் சுற்றி ஒளி கசியும். கேமராவைக் கழற்றி அதன் சொந்த மூடியைப் போட்டே எடுங்கள். குளிரூட்டாத சென்சாரில் வெப்ப எலெக்ட்ரான்கள் 6 டிகிரிக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் மாசி மாத இரவின் டார்க் ஆடி மாதத்துக்கு உதவாது. கெய்னை, அந்தக் கேமராவில் ரீட் நாய்ஸ் சட்டென்று கீழே விழும் புள்ளிக்குச் சற்று மேலே வையுங்கள். 585 கேமராக்களில் பரவலாக விற்கும் ஒன்றில் அது 252. அதற்கும் மேலே ஏற்றினால் நட்சத்திரங்கள் எல்லாம் வெளுத்துப்போவதைத் தவிர லாபமில்லை.

பொருளை நடுவில் கொண்டுவர ஆஸ்டாப் போன்ற பிளேட் சால்விங் மென்பொருள். படத்திலுள்ள நட்சத்திர வடிவங்களைப் பார்த்து நாம் எங்கே இருக்கிறோம் என்று சில விநாடியில் சொல்லிவிடும். கோ-டூ இல்லாத டாப்சோனியனிலும் இது கைகொடுக்கும். குவிய நீளத்தைத் தவறாகக் கொடுத்திருந்தால் மட்டும் எத்தனை முறை ஓட்டினாலும் தோற்கும். பிறகு லைவ் ஸ்டாக் பொத்தான்.

திரையில் முதலில் தெரிவது ஏமாற்றமாகவே இருக்கும்: ஆரஞ்சுச் சாம்பல் பின்னணி, நாலைந்து நட்சத்திரம். எந்தப் பிரகாசத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், ஒற்றை மலை போல ஒரு முகடு. அதுதான் டர்பன் வானம். கேலக்ஸி அந்த மலையின் வலப்புறச் சரிவில், மயிரிழை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் உள்ள கறுப்பு எல்லைக் கோட்டை மலையின் இடது அடிவாரத்துக்குக் கொண்டுபோங்கள், நடுக்கோட்டை மலையின் வலது சரிவுக்கு நெருக்குங்கள். மூன்றாவது நான்காவது ஃபிரேமில் நடுவில் ஒரு பஞ்சு உருண்டை. எட்டாவதில் அதன் குறுக்கே ஒரு சாய்ந்த கட்டை. இருபதை நெருங்கும்போது கட்டையின் இரு முனையிலிருந்தும் கரங்கள் பிரிந்து வளைந்து, இடையிடையே தூசிக் கீற்றுகள். கறுப்புக் கோட்டை முகட்டுக்குள்ளேயே தள்ளிவிடாதீர்கள். பின்னணி கன்னங்கரேலென்று அழகாக இருக்கும், ஆனால் மங்கலான வெளிக்கரங்கள் அதோடு சேர்ந்து போய்விடும். சாம்பல் பின்னணியே உண்மையானது.

கெட்டுப்போகும் விதங்களில் முதலாவது, மென்பொருள் ஹாட் பிக்சலை, அதாவது ஒளி படாமலே ஒளிரும் பழுதான பிக்சலை, நட்சத்திரம் என்று நினைத்துக்கொள்வது. அறிகுறி தெளிவாக இருக்கும்: கூர்மையான சிவப்பு, நீலப் புள்ளிகள் அசையாமல் நிற்கும், உண்மையான நட்சத்திரங்களோ இழுபட்டுக்கொண்டே போகும். டார்க் போடுங்கள், ஹாட் பிக்சல் நீக்கத்தை இயக்குங்கள், நட்சத்திரத்தின் குறைந்தபட்ச அகலத்தைக் கூட்டுங்கள். இரண்டாவது, பத்து நிமிடத்துக்குப் பிறகு பின்னணியில் மழைச் சாரல் போலச் சாய்வான கோடுகள். துருவச் சீரமைப்பில் உள்ள சிறு பிழையால் படம் ஒரே திசையில் ஊர்வதால், சென்சாரின் குறைகள் கோடாகப் படிகின்றன. பத்து ஃபிரேமுக்கு ஒருமுறை மவுண்டைப் பத்துப் பன்னிரண்டு பிக்சல் ஏதாவது ஒரு திசையில் நகர்த்தினால் மறைந்துவிடும். விமானமும் செயற்கைக்கோளும் இழுக்கும் கோடுகளுக்கு, மற்ற ஃபிரேம்களோடு ஒட்டாத பிக்சலை ஒதுக்கும் சிக்மா கிளிப்பிங் தெரிவு இருக்கிறது. கேபிள் விஷயத்தில் ஒன்று: 585-இன் ஒரு ஃபிரேம் 16.6 மெகாபைட்தான், 8 விநாடிக்கு ஒன்று. அதற்கு யூஎஸ்பி 2 வேகமே ஏராளம். ஐந்து மீட்டர் யூஎஸ்பி 3 கேபிளில் இணைப்பு அறுந்து அறுந்து தொல்லை தந்தால் தரமான யூஎஸ்பி 2 கேபிளுக்கு மாறுங்கள்.

டர்பனில் பனிநீர்தான் பெரிய எதிரி. ஏ.சி. அறையிலிருந்து குழாயை வெளியே கொண்டுவந்தால் இரண்டாம் கண்ணாடி உடனே வேர்த்துவிடும். கராஜில், வெளிக்காற்றின் வெப்பத்திலேயே வைத்திருங்கள். குழாய் வாயில் அதன் விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கறுப்பு அட்டையைச் சுருட்டி மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். வேர்த்த கண்ணாடியின் அறிகுறி: நட்சத்திரங்களைச் சுற்றி மெல்ல வளரும் ஒளிவட்டம், ஸ்டாக் ஆகும் நட்சத்திர எண்ணிக்கை படிப்படியாக இறங்குவது. துடைக்காதீர்கள், வெதுவெதுப்பான காற்று காட்டுங்கள். டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் கரும்பு வெட்டுக் காலத்தில் தோட்டம் எரிக்கும் சாம்பலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கறுப்புத் துகள் கண்ணாடியில் விழுந்தால் ரப்பர் ஊதுகுழாயால் ஊதிவிடுங்கள். துணி பட்டால் கீறல் நிச்சயம்.

மின்சாரத்துக்கு மவுண்ட், பனிநீர்ப் பட்டை (பனிநீர் படியாமல் சூடேற்றும் பட்டை), கேமரா எல்லாம் சேர்த்து 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்று வையுங்கள். நான்கு மணி நேரத்துக்கு 144 வாட்-மணி. 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் 256 தரும், போதும். 2023-இன் லோட் ஷெடிங் நாட்களில் வாங்கிய இன்வெர்ட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து எடுப்பதாக இருந்தால் 230 வோல்ட்டாக ஏற்றி மறுபடி அடாப்டரில் இறக்காமல், மின்கலம் 12 வோல்ட்டாக இருந்தால் ஃபியூஸ் போட்டு நேரடியாக எடுங்கள். மலிவு இன்வெர்ட்டரின் மின் இரைச்சல் படத்தில் கிடைக்கோட்டுப் பட்டைகளாக வந்து நிற்கும்.

வடிகட்டி பற்றிப் பலரும் தவறாக நம்புகிறார்கள். மஞ்சள் சோடியம் தெருவிளக்கு காலத்தில் ஒளி மாசு வடிகட்டிக்கு அர்த்தம் இருந்தது. வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுகிறது, கேலக்ஸியும் அப்படியே. இரண்டையும் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. கேலக்ஸிக்கு லென்ஸ் தொலைநோக்கியில் யூவி-ஐஆர் தடுப்பு மட்டும் போடுங்கள், இல்லையென்றால் நட்சத்திரங்கள் உப்பிவிடும். கண்ணாடித் தொலைநோக்கியில் நேர்மாறாக, 685 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் அகச்சிவப்பு வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். நிறம் போய்விடும், ஆனால் 585 சென்சார் அந்தப் பகுதியில் நன்றாக வேலை செய்வதால் கோளக் கொத்துகளும் கேலக்ஸி மையங்களும் நகர வானத்திலிருந்து சற்று எழும்பி வரும். ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி ஒளிரும் நெபுலாக்களுக்கு அற்புதம், நிலா வெளிச்சத்தில்கூட. தைப்பூசக் காவடி முடித்து வந்த பௌர்ணமி இரவில் 9 மணிக்குப் பெரிய மெகல்லனிக் மேகத்தின் டரன்டுலா நெபுலா தெற்கே 50 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்த வடிகட்டியோடு ஒரே நிமிடத்தில் அதன் சிலந்திக் கால்கள் தெரியும்.

சித்திரைப் பிறப்பன்று அதே 9 மணிக்கு ஈட்டா கரினா நெபுலா. ஆடியில், கூழ் ஊற்றும் நாட்களில், வானம் வறண்டு தெளிந்திருக்கும். லகூன், டிரிஃபிட், ஸ்வான் நெபுலாக்கள் மூன்றும் உச்சிக்கருகே வரிசையாக வரும். புரட்டாசி கடைசியில் என்ஜிசி 253 இரவு 9 மணிக்கே கிழக்கில் 50 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நீளவாக்கில் சாய்ந்த, புள்ளி புள்ளியான இந்தக் கேலக்ஸி நகர வானிலிருந்து பார்க்க எம்83-ஐவிட எளிது. முதல் இரவு இதில் தொடங்கினாலும் நல்லது. சென்டாரஸ் ஏ-வின் கறுப்புப் பட்டை எம்83 காலத்திலேயே, அதற்குத் தெற்கே 13 டிகிரியில். கொரோனா ஆஸ்ட்ராலிஸ் தூசி மேகங்களையும் என்ஜிசி 300-ஐயும் சாட்ஸ்வொர்த்திலிருந்து முயல வேண்டாம். அவற்றை அண்டர்பெர்க் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு மடிக்கணினித் திரையைவிட, வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளில் காட்டுவது வசதி. திரையின் பிரகாசத்தை அரைவாசிக்கும் கீழே குறையுங்கள், கண் கூசாமல் மங்கல் கரங்கள் நன்றாகத் தெரியும். எம்83-ஐக் காட்டும்போது அவருக்கு இதையும் சொல்லுங்கள். கேப் டவுனில் அரை அங்குலத் துளையுள்ள சிறு தொலைநோக்கியை வைத்துக்கொண்டு 1752-இல் பிரெஞ்சு வானியலாளர் லகாய் முதன்முதலில் கண்டது இந்தக் கேலக்ஸியைத்தான். 1968 ஜூலையில் பிரிட்டோரியாவில் ஜாக் பென்னட் 5 அங்குலத் தொலைநோக்கியில், கண்ணால் மட்டும் பார்த்து, இதில் வெடித்த சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். 1923-இலிருந்து 1983 வரை இதே கேலக்ஸியில் ஆறு சூப்பர்நோவாக்கள் பதிவாகியுள்ளன, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 150 மி.மீ. குழாயில் ஐந்து நிமிட ஸ்டாக் 16-ஆம் அளவு நட்சத்திரங்களைக் காட்டும். ஒவ்வொரு முறை எம்83 பார்க்கும்போதும் அந்தப் படத்தைத் தேதியிட்டுச் சேமித்து, முந்தைய மாதத்துப் படத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். கரங்களில் புதிதாக ஒரு புள்ளி இருக்கிறதா என்று தேடும் வேலையை அப்பாவிடமே கொடுத்துவிடலாம்.